மூலையில் வரும் வைரஸ் எச்சரிக்கையும் தொலைபேசியில் வந்த ஆளும்

கேள்வி: நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியை. சனிக்கிழமைகளில் கோயில் வகுப்பில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் இருப்பது விண்டோஸ் 10 கணினி. கொஞ்ச நாளாகத் திரையின் வலது கீழ் மூலையில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள் உள்ளன, உடனே நீக்குங்கள்" என்று எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கிறது. ஏற்கெனவே ஒரு ஆன்டிவைரஸ் இருந்தது. பேரன் இலவசமாக இன்னொன்றையும் இறக்கிப் போட்டான். அதன்பிறகு கணினி நகரவே மாட்டேன் என்கிறது. போன வாரம் விண்டோஸ் கம்பெனியிலிருந்து பேசுவதாக ஒருவர் கூப்பிட்டார். தூரத்திலிருந்தே நம் கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் என்ற நிரலைப் போடச் சொன்னார், போட்டேன். உள்ளே வந்து சிவப்புக் குறிகளாகக் காட்டி, எல்லாம் வைரஸ், சரிசெய்ய 3,500 ரேண்ட் ஆகும் என்றார். சந்தேகம் வந்து போனை வைத்துவிட்டேன். இந்தக் கணினியில்தான் வங்கிக் கணக்கு, வரிக்கான இ-ஃபைலிங், பல வருடம் தட்டச்சு செய்த தமிழ்ப் பாடங்கள் எல்லாம் இருக்கின்றன. நல்ல ஆன்டிவைரஸ் எது வாங்கலாம்? அல்லது கணினியையே தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: அம்மா, வணக்கம். ஆன்டிவைரஸ் கேள்வியைப் பிறகு பார்ப்போம். அதற்கு முன்னால் அந்தக் கணினியில் வைஃபையை அணைத்துவிடுங்கள். அப்புறம் வங்கி அட்டையின் பின்னால் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு உங்கள் கைபேசியிலிருந்து கூப்பிடுங்கள். கூகுளில் தேடி எடுத்த எண் வேண்டாம், போலி எண்களும் அங்கே கிடக்கின்றன. "முன்பின் தெரியாத ஒருவருக்கு என் கணினியைத் திறந்துவிட்டேன், அதே கணினியில்தான் வங்கிக் கணக்கைப் பார்ப்பேன்" என்று அப்படியே சொல்லுங்கள். நீங்கள் பணம் அனுப்பும் ஆட்களின் (பெனிஃபிஷியரி) பட்டியலில் புதுப்பெயர் ஏதாவது ஏறியிருக்கிறதா, பணம் அனுப்பும் உச்சவரம்பை யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். பணம் போகவில்லை என்றாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும். நடந்ததைச் சொல்ல வெட்கப்பட்டு இரண்டு வாரம் தள்ளிப்போட்டவர்களுக்குத்தான் பணம் போவதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் பணம் கட்டாமல் போனை வைத்தது நல்ல காரியம்.

அடுத்து, கைபேசியிலிருந்தே பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். முதலில் மின்னஞ்சல். மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றுவதற்கான இணைப்பு எல்லாம் மின்னஞ்சலுக்குத்தான் வரும், அது ஒருவன் கையில் இருந்தால் மற்றவை தானாகப் போய்விடும். மாற்றும்போது, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு என்று ஒரு வசதி இருக்கும், அதையும் அழுத்துங்கள். பிறகு வங்கி, அதன்பின் இ-ஃபைலிங். உங்கள் கைபேசியில் காரணமில்லாமல் சிக்னல் போய், வெகுநேரம் வராமல் இருந்தால் உடனே உங்கள் மொபைல் கம்பெனியைக் கேளுங்கள். அந்த ஆளிடம் உங்கள் எண் இருக்கிறது. உங்கள் பெயரில் வேறு சிம் வாங்கிவிட்டால் வங்கி அனுப்பும் ஓ.டி.பி. அவனுக்குப் போகும்.

இ-ஃபைலிங்கில் உங்கள் ஐ.டி. எண் இருப்பதால் இன்னொன்றும் செய்யச் சொல்வேன். சதர்ன் ஆஃப்ரிக்கன் ஃப்ராட் ப்ரிவென்ஷன் சர்வீஸ் என்ற அமைப்பில் 'ப்ரொடெக்டிவ் ரெஜிஸ்ட்ரேஷன்' என்று ஒரு பதிவு இருக்கிறது. இலவசம். அதைச் செய்துவைத்தால், உங்கள் பெயரில் யாராவது கடனோ கணக்கோ கேட்கும்போது, ஆள் நீங்கள்தானா என்று கூடுதலாகச் சோதிக்கும்படி அந்த அமைப்பில் சேர்ந்த வங்கிகளுக்கும் கடைகளுக்கும் எச்சரிக்கை போகும். காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். நம் நாட்டின் சைபர் குற்றச் சட்டத்தின் பெரும்பகுதி 2021 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த ஆளைப் பிடிப்பார்களோ இல்லையோ, பின்னால் வங்கியோடு வழக்காட வேண்டி வந்தால் புகார் எண் கையில் இருப்பது நல்லது.

சரி, இனி கணினிக்கு வருவோம். மூலையில் வரும் எச்சரிக்கை வேறு, கணினி மந்தமானது வேறு, தொலைபேசி ஆள் வேறு. ஆனால் மூன்றும் வந்த வழி ஒன்றுதான். ஒவ்வொன்றும் திரையில் அனுமதி கேட்டது, கிடைத்தபின் உள்ளே வந்தது. கேட்காமலே வரும் வைரஸும் உண்டு. 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய வான்னாக்ரை அப்படிப்பட்டது, யாரும் எதையும் அழுத்தாமலே ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குத் தாவியது. அதற்கும் மருந்து இரண்டு மாதம் முன்பே மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் அப்டேட்டாக வந்துவிட்டது, அதைப் போட்டுவைத்தவர்கள் தப்பினார்கள். வீடுகளில் நான் பார்க்கும் தொல்லைகளில் பெரும்பங்கு அந்த வகை கிடையாது. எல்லாம் கேட்டு வாங்கி வந்தவை. எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம் என்பதைவிட எதற்கு அனுமதி கொடுக்கலாம் என்று நீங்கள் யோசிக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

அந்த மூலை எச்சரிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் வைரஸ் கிடையாது. தமிழ்ப் படம், சீரியல் இலவசமாகக் காட்டும் தளம் எதையாவது வீட்டில் யாராவது திறந்திருப்பார்கள். "நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க 'அலவ்' அழுத்துங்கள்" என்று அது கேட்டிருக்கும். அந்த 'அலவ்' பொத்தான் உண்மையில் அந்தத் தளம் உங்கள் திரையில் அறிவிப்பு காட்டுவதற்கான சம்மதம். அன்றிலிருந்து நீங்கள் பிரவுசரில் வேறு எதைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அது மூலையில் எட்டிப் பார்க்கும். ஐந்து வைரஸ் என்ற கணக்கெல்லாம் அவர்கள் எழுதிவைத்த விளம்பர வாசகம். ஒரு இணையதளம் உங்கள் ஹார்ட் டிஸ்க்கைச் சோதித்து வைரஸ் எண்ணவே முடியாது. அடுத்த முறை வரும்போது அந்தப் பெட்டியை உற்றுப் பாருங்கள், அழுத்த வேண்டாம். பிரவுசரின் பெயரும், கூடவே நீங்கள் கேள்விப்பட்டிராத ஒரு தளத்தின் முகவரியும் சின்ன எழுத்தில் இருக்கும். விண்டோஸின் சொந்த எச்சரிக்கையில் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று இருக்கும், தளத்தின் முகவரி இருக்காது.

எடுப்பது எளிது. குரோமில் வலது மேல் மூலையில் மூன்று புள்ளிகளை அழுத்தி செட்டிங்ஸ் போங்கள். பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ். அறிவிப்பு அனுப்ப அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் அங்கே இருக்கும். தெரியாத பெயர் ஒவ்வொன்றையும் நீக்குங்கள். தெரிந்த பெயரும் அவசியமில்லை என்றால் போகட்டும். அதே பக்கத்தில், இனி எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்றும் மாற்றிவைக்கலாம். உங்களுக்கு அதைத்தான் சொல்வேன். பக்கத்திலேயே எக்ஸ்டென்ஷன்ஸ், அதாவது பிரவுசரோடு சேரும் துணை நிரல்களின் பட்டியலையும் ஒரு பார்வை பாருங்கள், நீங்கள் போடாதது இருந்தால் எடுத்துவிடுங்கள். இந்த எச்சரிக்கை மட்டும்தான் உங்கள் பிரச்சினை என்றால் என் பதில் இங்கேயே முடிந்திருக்கும்.

தொலைபேசி ஆள் விஷயம் அப்படி இல்லை. அவன் காட்டிய சிவப்புக் குறிகளைச் சொல்கிறேன், கேளுங்கள். விண்டோஸில் ஈவென்ட் வியூவர் என்று ஒன்று இருக்கிறது. கணினியில் நடக்கும் சின்னச் சின்னத் தடங்கலை எல்லாம் அது குறித்துவைக்கும்: பிரின்டர் பதில் சொல்லவில்லை, ஏதோ ஒரு நிரல் தொடங்கத் தாமதமானது, இப்படி. நேற்று கடையில் வாங்கிய புதுக் கணினியிலும் அங்கே சிவப்பும் மஞ்சளும் இருக்கும். அதைத் திறந்து காட்டிப் பயமுறுத்துவது அவர்களுடைய பழைய பாடம். எனிடெஸ்க், டீம்வியூவர் எல்லாம் நேர்மையான கருவிகள்தான், நானே என் வாடிக்கையாளர்களுக்குப் பயன்படுத்துகிறேன். ஆனால் உள்ளே வந்தவன், நீங்கள் இல்லாதபோதும் திரும்ப வருவதற்கு ஒரு பாஸ்வேர்டை அதில் வைத்துவிட்டுப் போக முடியும். கண்ணெதிரே ஒரு சாளரத்தைக் காட்டிக்கொண்டே பின்னால் இன்னொன்றை இறக்கவும் முடியும். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' என்ற பட்டியலைத் திறந்து பாருங்கள். சோதிக்காமல் விட்டுவிட வேண்டிய இடங்களை அங்கே எழுதிவைக்கலாம். நீங்கள் எதையும் எழுதியிருக்க மாட்டீர்கள், அதனால் அது காலியாக இருக்க வேண்டும். ஏதாவது எழுதியிருந்தால், அதுவும் முழு 'சி' டிரைவே எழுதியிருந்தால், யாரோ வைரஸுக்கு இடம் ஒதுக்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

பட்டியல் காலியாகவே இருந்தாலும் என் முடிவு மாறாது. வங்கிக் கணக்கு பார்க்கும் கணினியை ஒரு திருடன் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தான் என்றால், அதைத் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டும். எதுவும் இல்லை என்று ஸ்கேன் சொன்னால் அதற்குத் தெரிந்த எதுவும் இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். தூக்கிப் போட வேண்டியதில்லை.

துடைப்பதற்கு முன் உங்கள் பாடங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். வைஃபை அணைந்தே இருக்கட்டும். ஒரு பென் டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ வேர்ட் கோப்புகள், பி.டி.எஃப்., படங்கள் இவற்றை மட்டும் நகலெடுங்கள். இன்ஸ்டால் செய்யும் கோப்பு எதையும் கூடவே எடுக்காதீர்கள், திருட்டு நிரல் அதோடு ஒட்டிக்கொண்டு திரும்பிவிடும். அடுத்துச் சொல்வது தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு மட்டும் வரும் பிரச்சினை. பழைய பாடங்களை பாமினி போன்ற எழுத்துருவில் அடித்திருந்தால் அந்த எழுத்துருவையும் நகலெடுங்கள். கண்ட்ரோல் பேனலில் ஃபான்ட்ஸ் என்ற இடத்தில் இருக்கும். விண்டோஸைத் துடைத்ததும் அது போய்விடும். பிறகு பாடத்தைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கோலமாகத் தெரியும். வைரஸ் தின்றுவிட்டது என்று நினைத்து அந்தக் கோப்புகளை அழித்தவர்கள் இருக்கிறார்கள். எழுத்துருவைத் திரும்பப் போட்டால் தமிழ் அப்படியே வந்துவிடும். நேரம் கிடைக்கும்போது அவற்றை, தனி எழுத்துரு இல்லாமலே தமிழாகத் தெரியும் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

தமிழ் அடிக்கும் மென்பொருளையும் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும். நீங்கள் தட்டும் ஒவ்வொரு விசையையும் பார்த்தால்தான் அதனால் தமிழாக மாற்ற முடியும். வங்கிப் பாஸ்வேர்ட் அடிக்கும்போதும் அது அங்கேதான் இருக்கிறது. செய்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்து எடுத்தால் பயமில்லை. யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகலில் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாகும் விசைப்பலகை 2019 முதல் விண்டோஸ் 10-க்குள்ளேயே இருக்கிறது. லாங்குவேஜ் செட்டிங்ஸில் தமிழைச் சேர்த்து, அதன் ஆப்ஷன்ஸில் 'தமிழ் ஃபொனெட்டிக்' விசைப்பலகையையும் சேர்த்தால் போதும், வேறு எதையும் இறக்க வேண்டாம்.

துடைக்கும் வேலை: செட்டிங்ஸ், அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, ரெக்கவரி, அங்கே 'ரீசெட் திஸ் பிசி'. 'ரிமூவ் எவ்ரிதிங்' என்பதைத் தேர்ந்தெடுத்து, 'கிளவுட் டவுன்லோட்' கொடுங்கள். இதற்கு மட்டும் வைஃபை வேண்டும், 4 ஜிபிக்கு மேல் டேட்டா போகும். பாதியில் மின்சாரம் போனால் வம்பு, அதனால் மின்வெட்டு அறிவிப்பு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, காலையிலேயே ஆரம்பியுங்கள். விண்டோஸுக்கு மறுபடி காசு கட்ட வேண்டியதில்லை, ஏற்கெனவே முறையாகப் பதிந்த கணினி என்றால் தானே அடையாளம் கண்டுகொள்ளும்.

இப்போது ஆன்டிவைரஸ். எதையும் வாங்க வேண்டாம். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் உங்களுக்குப் போதும். இன்னொரு ஆன்டிவைரஸ் வந்து உட்கார்ந்தால் டிஃபெண்டர் தானே ஒதுங்கிக்கொள்ளும். உங்கள் வீட்டில் இரண்டு உட்கார்ந்திருந்தன. நீங்கள் திறக்கும் ஒவ்வொரு கோப்பையும் இரண்டும் போட்டிபோட்டுச் சோதித்தால் கணினி எப்படி நகரும்? கணினி மந்தமானதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. துடைத்தபின் பேரன் பழையபடி எதையும் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு ஒருமுறை டிஃபெண்டரின் ஸ்கேன் ஆப்ஷன்ஸில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' கொடுத்தால் நல்லது. கணினி அணைந்து, விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே சோதிக்கும், ஒளிந்திருப்பவை அப்போதுதான் மாட்டும். ஏறத்தாழ கால் மணி நேரம் ஆகும்.

டிஃபெண்டரைவிட நான் பெரிதாக நினைப்பது ஒன்று இருக்கிறது, கடையில் யாரும் சொல்லித் தருவதில்லை. இப்போது நீங்கள் தினமும் உள்ளே போவது அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் என்று நினைக்கிறேன், வீடுகளில் எல்லாம் அப்படித்தான். அதில் எந்த நிரல் வந்தாலும் "எஸ்" என்ற ஒரே சொடுக்கில் கணினி முழுவதும் அதன் கைக்குப் போய்விடும். புதிதாக விண்டோஸ் போட்டதும் செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் போய் இன்னொரு கணக்கைத் தொடங்குங்கள். அதை அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்கி, நல்ல பாஸ்வேர்ட் வைத்து, ஒரு நோட்டில் எழுதி அலமாரியில் வையுங்கள். பிறகு அந்தக் கணக்கில் நுழைந்து, உங்கள் தினசரிக் கணக்கை 'ஸ்டாண்டர்ட்' என்று மாற்றுங்கள். வரிசை முக்கியம், முதலில் புதுக் கணக்கு. இதன்பிறகு பெரும்பாலான நிரல்களை இன்ஸ்டால் செய்யப் பார்த்தால் "எஸ்" மட்டும் போதாது, அலமாரி நோட்டில் இருக்கும் பாஸ்வேர்டைக் கேட்கும். எழுந்து போய் நோட்டை எடுக்கும் அந்த நேரத்தில், இது எதற்குக் கேட்கிறது என்று யோசிப்பீர்கள். பேரனுக்கு மூன்றாவதாக ஒரு ஸ்டாண்டர்ட் கணக்கு கொடுங்கள். நோட்டு இருக்கும் இடத்தை அவனுக்குச் சொல்ல வேண்டாம்.

ஆனால் பேரனிடம் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஸ்டாண்டர்ட் கணக்கே தடுக்காத திருடர்கள் இருக்கிறார்கள். பிரவுசரில் சேமித்துவைத்த பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போகும் நிரல்கள் அவை. லும்மா என்ற ஒன்று மட்டும் 2025 மார்ச் நடுவிலிருந்து மே நடுவரைக்கும் உலகம் முழுக்க 3,94,000-க்கு மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் இருந்ததை மைக்ரோசாஃப்ட் கண்டது. இப்படிப்பட்டவை கணினி விளையாட்டில் குறுக்குவழியில் ஜெயிக்க உதவும் 'சீட்', காசு கட்ட வேண்டிய மென்பொருளின் இலவச 'கிராக்' என்ற பெயர்களில் பிள்ளைகளிடம் வரும். இன்னொரு வழி, ஒரு பக்கத்தைத் திறந்ததும் "நீங்கள் மனிதர்தான் என்று உறுதிசெய்ய விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள், பிறகு கன்ட்ரோல் வி, பிறகு என்டர்" என்று பணிவாகக் கேட்கும். கேட்டபடி செய்தால் திருட்டு நிரலை உங்கள் கையாலேயே ஓட்டிவிட்டதாக ஆகும். எந்த நேர்மையான தளமும் விண்டோஸ் விசையை அழுத்தச் சொல்லாது. இதை அவனிடம் ஒருமுறை சொல்லாதீர்கள், பலமுறை சொல்லுங்கள்.

பாடங்களின் நகலைப் பற்றி ஒரு வார்த்தை. 2021 ஜூலையில் துறைமுகங்களை நடத்தும் அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட்டைச் சைபர் தாக்குதல் முடக்கியபோது டர்பன் துறைமுகத்தில் கன்டெய்னர் வேலை நின்றுபோனது நம் ஊர்க்காரர்களுக்கு மறந்திருக்காது. இப்படிப்பட்ட தாக்குதல்களில் வரும், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸ், கணினியில் செருகியிருக்கும் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டும். அதனால் நகலெடுத்ததும் டிஸ்க்கை உருவி எடுத்து வையுங்கள். முடிந்தால் இரண்டு டிஸ்க், ஒன்று உங்கள் வீட்டில், ஒன்று மகன் அல்லது மகள் வீட்டில்.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கேட்காமலே நுழையும் வைரஸுக்கு அப்டேட்தான் தடுப்பு என்றேன், அதனால் இதை விட்டுவிட முடியாது. 2026 அக்டோபர் 13 வரை வீட்டுக் கணினிகளுக்குக் கூடுதல் பாதுகாப்பு அப்டேட் உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை ஒத்திசைத்தால் காசு இல்லாமலே சேர்ந்துகொள்ளலாம். உங்கள் கணினி விண்டோஸ் 11-ஐத் தாங்குமா என்று 'பிசி ஹெல்த் செக்' என்ற மைக்ரோசாஃப்ட் நிரல் சொல்லிவிடும். தாங்காது என்றால், ஆன்டிவைரஸுக்குச் செலவழிக்க நினைத்த பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, அலுவலகங்களிலிருந்து வரும் பழைய லேப்டாப் ஒன்றை நம்பகமான கடையில் வாங்குங்கள். விண்டோஸ் 11-ஐத் தாங்க, இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரா என்று கேட்டு வாங்குங்கள்.

வரி அலுவலகத்திலிருந்து ரீஃபண்ட் வந்திருக்கிறது, இந்த இணைப்பை அழுத்துங்கள் என்று மின்னஞ்சல் வந்தால் அழுத்த வேண்டாம். இ-ஃபைலிங் முகவரியை நீங்களே தட்டி உள்ளே போய்ப் பாருங்கள். இருந்தால் அங்கே இருக்கும்.

அந்த ஆள் திரும்பக் கூப்பிடுவான். வேறு பெயரில், ஒருவேளை உங்கள் வங்கியின் மோசடிப் பிரிவிலிருந்து பேசுவதாக, போன முறை நடந்த விவரங்களைத் தானே சொல்லி நம்பவைக்கப் பார்ப்பான். பேச்சுக் கொடுக்காமல் வைத்துவிட்டு, அட்டையின் பின்னால் இருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். நான் சொன்னதை எல்லாம் செய்தபிறகும் திரையில் ஏதாவது வந்து மிரட்டினால் எந்தப் பொத்தானையும் தொடாமல், கைபேசியில் திரையைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன்.